பனித் தலையணையில் மூன்று பசுக்கள்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். மலையில் பனியை அளக்கும் பனித் தலையணைகளை எல்லாம் எடுத்துவிடப் போகிறார்களாம். இனிமேல் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லிவிடுமாம். அலுவலக மலருக்கு என் நினைவுகளை இரண்டு பக்கம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். பிரெஞ்சில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பசுக்களை மட்டும் அதில் விட்டுவிட்டேன். அலுவலக மலரில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது. இங்கே தமிழில் சொல்கிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் பனியைக் கணக்கிட்டவன். ஆல்ப்ஸ் மலையில் ஒரு பள்ளத்தாக்கு. குளிர்காலம் முழுவதும் அங்கே பனி சேரும். வசந்தத்தில் உருகி ஆற்றில் இறங்கும். ஆறு போய் ஓர் அணையின் ஏரியில் விழும். மேலே கிடக்கும் பனியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்வது எங்கள் வேலை. சரியாகச் சொன்னால் அணைக்காரர்கள் ஏரியில் அதற்கு வேண்டிய இடத்தைக் காலி செய்து வைப்பார்கள். தவறாகச் சொன்னால் அணைக்குக் கீழே உள்ள ஊருக்குள் ஆறு நுழையும்.

இந்த வேலையை நான் பார்த்தது பாரீசில், லா ஷப்பேல் மெத்ரோ நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். சன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளங்கள் தெரியும். அலுவலகத்தை மலைப்பக்கம் மாற்ற இரண்டு முறை உத்தரவு வந்தது. ஒரு முறை மேசைகள் மட்டும் போய், ஒரு மாதம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்தன. எங்களைவிட எங்கள் மேசைகளுக்கு மலை அனுபவம் அதிகம்.

நான் பாண்டிச்சேரிக்காரன். அப்பா பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் பத்தொன்பது வயதில் இங்கே வந்தேன். தொழில்நுட்பப் படிப்பு, அரசுத் தேர்வு, காத்திருப்பு என்று ஆறு வருடம் போயிற்று. பாரீஸ் குடிநீர்த் துறையைக் கேட்டிருந்தேன். வந்த கடிதத்தில் "பனி" என்று இருந்தது. தண்ணீர்தானே, என்ன வித்தியாசம் என்று போய்ச் சேர்ந்தேன்.

என்னை நேர்முகம் கண்டவர் மதாம் பெர்த்தலோ. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது.

"மலைப் பனியைப் பார்த்திருக்கிறீர்களா, மெஸ்யே லூர்து?"

என் முழுப்பெயர் லூர்துசாமி. கடைசிவரை அவர் பாதிதான் சொன்னார்.

"படத்தில் பார்த்திருக்கிறேன், மதாம்."

"நல்லது. நேரில் பார்த்தவர்கள் அதைப் பற்றிச் சொந்தக் கருத்து வைத்திருப்பார்கள். எனக்குக் கருத்து வேண்டாம், எண் போதும்."

மலைக்குப் போய்ப் பார்க்கும் வேலை அங்கே குடியிருந்த இரண்டு களப்பணியாளர்களுக்கு மட்டுமே உரியது. கணக்கிடுகிறவன் போகக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. போவதற்கான படிவம்தான் இல்லை.

தினமும் காலை பத்து மணிக்கு மதாம் எழுந்து நிற்பார். நானும் நிற்க வேண்டும். கருவிகள் அனுப்பிய எண்களை நான் வாசிப்பேன். வெறுமனே "நானூறு" என்று சொல்லிவிட்டால், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "நானூறு என்ன, மெஸ்யே லூர்து? வாத்துகளா?" என்பார். "நானூறு மில்லிமீட்டர் நீர், மதாம்" என்றால்தான் உட்காருவார்.

பஜோல் தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலின் தேர் ஒவ்வொரு வருடமும் இந்தப் பக்கத் தெருக்களைச் சுற்றி வரும். ஒரு முறை அந்த நாளில் மதாம் ஏதோ வேலையாக வந்து கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். தெருவில் தேங்காய்களை மலை மலையாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய்த் தண்ணீர் நடைபாதையோரமாக ஓடி வடிகாலில் இறங்கியது. நான் பார்க்கும்போது மதாம் வடிகாலுக்கு அருகே குனிந்து, கையில் கடிகாரத்துடன் நின்றார்.

"மொத்தம் எத்தனை காய்கள்?" என்று என்னிடம் கேட்டார்.

"எனக்குத் தெரியாது, மதாம். நான் கத்தோலிக்கன்."

"ஒரு காய்க்கு எவ்வளவு நீர்?"

"அது காயைப் பொறுத்தது."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை என் மேசையில் ஒரு வரைபடம் இருந்தது. உடைத்த நீரில் எவ்வளவு பங்கு வடிகாலுக்கு வந்து சேர்ந்தது, எவ்வளவு உதிர்ந்த பூக்களும் செருப்புகளும் உறிஞ்சிக்கொண்டன என்று கணக்கிட்டிருந்தார். மலைக்கும் இதே கணக்குதான் என்று கீழே எழுதியிருந்தார். உண்மையில் அன்றைக்குத்தான் எனக்கு என் வேலை புரிந்தது.

பனித் தலையணை என்பது தரையில் விரித்த ஒரு பெரிய ரப்பர் மெத்தை. நீளம் மூன்று மீட்டர், அகலம் மூன்று மீட்டர். உள்ளே உறையாத திரவம். மேலே பனி விழ விழ, அதன் எடை திரவத்தை அழுத்தும். ஒரு குழாயில் திரவம் ஏறும். அதைப் பார்த்து, இந்தப் பனி இப்போதே உருகினால் இத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று கருவி பாரீசுக்குச் சொல்லும். எங்களுடைய தலையணை, ஒரு பனிச்சறுக்கு விடுதிக்குப் பின்னால், சமதளமான புல்வெளியில் கிடந்தது.

ஒரு ஜூலை மாதம், ஒரு பொட்டுப் பனிகூட இல்லாத நாளில், அது திடீரென்று நூற்றுத் தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர் காட்டியது. ஒரு மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியது. மறுநாள் மறுபடி ஏறியது. அணைக்காரர்கள் பதறிப்போய் அழைத்தார்கள். களப்பணியாளர் ஒருவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: வேலி விழுந்துவிட்டது, மூன்று பசுக்கள் தலையணையில் படுத்து அசைபோடுகின்றன. ரப்பர் வெயிலில் கதகதப்பாக இருக்கிறதாம்.

வேலியை நிமிர்த்தினோம். அடுத்த குளிர்காலப் பனி அதை மறுபடி சாய்த்தது. நிமிர்த்தினோம். சாய்ந்தது. கடைசியில் மதாம் வேளாண்மைக் கையேடு ஒன்றை வரவழைத்து அந்த இனப் பசுவின் சராசரி எடையைப் பார்த்தார். தலையணையின் பரப்பால் வகுத்தார். ஒரு பசு என்பது அறுபத்தைந்து மில்லிமீட்டர். கணினியில் ஒரு திருத்தம் எழுதினோம்: எண் ஒரே தாவலில் ஏறினால் அது பனி அல்ல, பசு. பசுவைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் அணைக்கு அனுப்பு. பசு எழுந்து போகும்வரை கழித்துக்கொண்டே இரு.

அதற்கு "பசுத் திருத்தம்" என்று பெயர். மேலிடத்தில் முத்திரை வாங்கினோம். பல வருடம் ஒழுங்காக வேலை செய்தது. தினமும் அச்சாகும் தாளில், தேவைப்படும்போது, "பசு: 2, நிலை: படுத்துள்ளன" என்று ஒரு வரி வரும். நான் கீழே என் பெயரின் முதலெழுத்தைப் போடுவேன். மதாம் கையெழுத்திடுவார்.

இப்போது அந்த ஏப்ரலைச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது.

மலையில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. கருவிக்கு மின்சாரம் தரும் சூரியத் தகடு பனியில் மூடிக்கொண்டதால், அந்த மூன்று நாளும் எங்களுக்கு எண் எதுவும் வரவில்லை. கீழே ஊரில் வெறும் தூறல்தான், அதனால் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் தகடு தெளிந்தது, எண் வந்தது. மூன்று நாள் பனியும் ஒரே தாவலாகச் சேர்ந்து வந்தது.

கணினி தன் கடமையைச் செய்தது. "பசு: 3, நிலை: படுத்துள்ளன."

நான் முதலெழுத்தைப் போட்டேன். மறுநாளும் போட்டேன். எட்டு நாள், எட்டு முதலெழுத்து. ஏப்ரல் மாதத்தில், மலை உச்சிக்குப் பக்கத்தில், எட்டு நாள் எழுந்திருக்காமல் படுத்துக் கிடக்கும் மூன்று பசுக்களைப் பற்றி எனக்கு ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை. பழக்கம் மனிதனை என்ன செய்யும் என்பதற்கு நானே சாட்சி.

சனிக்கிழமை முடிவெட்டப் போனேன். ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் வடக்கு முனையில் குணத்தின் கடை. குணம் முல்லைத்தீவுக்காரர். வெட்டும்போது தொலைபேசியைக் கண்ணாடிக்கு முன்னால் சாய்த்து வைத்து, உறவுக்காரர்களுடன் சத்தமாகப் பேசிக்கொண்டே வெட்டுவார். அன்று பேசியது தங்கை வசந்தியின் கணவர் செல்வத்துடன். செல்வம் ஒரு மலை விடுதியில் சமையல்காரர்; வீடு, சக்கரம் வைத்த ஒரு கரவான்.

"மச்சான், போன கிழமை கொட்டின பனி இன்னும் அப்பிடியே கிடக்குது," என்றது தொலைபேசி. "குசினிப் பின்கதவு திறக்கேலாது. றோட்டும் பூட்டு. நான் இஞ்சை மாட்டுப்பட்டுப் போனன். வசந்தி கீழை கரவானிலை தனிய நிக்கிறாள்."

"ஆத்தங்கரையிலை நிக்கிற கரவானிலையோ?"

"ஓம், அதுதான். மேலை எங்களுக்கு இருக்க இடமில்லைத்தானே. குசினி ஆக்கள் முழுப்பேரும் அங்கைதான்."

எங்கள் தலையணைக்கு முன்னால் இருக்கும் அதே விடுதியின் பெயரை அவர் சொன்னபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குணத்தின் கத்தரிக்கோல் காதை உரசியது.

"ஏம்ப்பா," என்று தொலைபேசியைப் பார்த்துக் கேட்டேன், "அங்க வெளியில மாடு ஏதாச்சும் படுத்திருக்குதா?"

குணம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"மச்சான், ஆர் அது கதைக்கிறது?"

"எங்கடை லூர்து அண்ணை. அரசாங்க உத்தியோகம். விளங்காமல் கேக்கமாட்டார், நீ சொல்லு."

"மாடோ அண்ணை? இஞ்சை ஆள் உயரத்துக்கு மேலை பனி கிடக்குது. மனுசரே வெளியாலை போகேலாது. மாடெல்லாம் மே முடியத்தான் மேலை வரும்."

 நூற்றுத் தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர் நீர் அந்த மலை முழுக்கக் கிடக்கிறது. அதைப் பசு என்று சொல்லி அணையிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன். அணைக்காரர்கள் ஏரியை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் வசந்தியின் கரவான். செவ்வாய்க்கிழமை தெற்கிலிருந்து சூடான காற்றும் மழையும் வரப்போவதாக முன்னறிவிப்பு இருந்தது.

பாதித் தலையோடு எழுந்து ஓடினேன். "அண்ணை, மற்றப் பக்கம்!" என்று குணம் வாசல்வரை வந்தார்.

மதாம் சனிக்கிழமைகளிலும் அலுவலகத்தில் இருப்பார். பனி வார விடுமுறை எடுப்பதில்லை என்பார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் எட்டுத் தாள்களையும் எடுத்து வரிசையாக மேசையில் பரப்பினார். 

"நான்தான் முதலெழுத்துப் போட்டேன், மதாம். தவறு என்னுடையது."

"எட்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. வருத்தப்படுவதைப் பிறகு வைத்துக்கொள்வோம். திருத்தத்தை நீக்க என்ன வேண்டும்?"

அவருக்கே தெரியும். அந்த விதியை எழுதியவர் அவர். தலையணைக்குப் பக்கத்தில் பனியை நேரில் அளந்த எண் வேண்டும். அது இல்லாமல் அணைக்காரர்கள் கதவைத் திறக்க மாட்டார்கள். களப்பணியாளர்களில் ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டு. இன்னொருவர் மூடிய சாலையின் இந்தப் பக்கம். மேகத்தில் ஹெலிகாப்டர் ஏறாது.

"சமையல்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார்," என்றேன்.

"நம்பகமானவரா?"

"தினமும் எடை போட்டுச் சமைப்பவர், மதாம்."

"அப்படியென்றால் நம் இருவரையும்விட மேல்."

ஞாயிறு காலை செல்வத்தை அழைத்தேன். முதலில் மதாம் கேட்கச் சொன்னது, அந்த இடத்தில் பனிச்சரிவு விழுமா என்பது. மேட்டுச் சமதளம், விடுதிக்காரர்கள் அங்கேதான் நாயை விடுகிறார்கள் என்றார் செல்வம். அதன்பின் கருவி. நேரான, வாயகலம் மாறாத ஒரு குழாய் வேண்டும்.

"புட்டுக்குழல் இருக்கு அண்ணை. ஸ்டாஃபுக்கு அவிக்கிறனான்."

மதாமிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். என்ன பொருள், என்ன உலோகம், உள் விட்டம் எவ்வளவு என்று கேட்டார். எதற்குப் பயன்படுவது என்று அவர் கேட்கவே இல்லை. செல்வம் அளவுகோல் வைத்துச் சொன்னார்: எஃகு, உள்ளே ஆறு சென்டிமீட்டர், நீளம் இருபது.

"அடியில இருக்குற ஓட்டைத் தட்டக் கழட்டிடுப்பா," என்றேன். "தலையணைக்கு ஓரமா தரை வரைக்கும் குழி தோண்டு. படி படியா வெட்டிக்க. ஒவ்வொரு படியிலயும் குழல நேரா இறக்கு, அடியில கரண்டியால மூடி எடு, பையில கொட்டு, பைக்கு நம்பர் போடு. கையால அழுத்தாத."

"புட்டுக்கும் அப்பிடித்தான் அண்ணை. அழுத்தினால் இறுகிப்போம்."

அவர் தோண்டிக்கொண்டிருந்த நேரத்தில் மதாம் கோட்டை மாட்டிக்கொண்டு என்னோடு ஃபொபூர் சேன்-தெனிக்கு வந்தார். கையில் விட்டம் அளக்கும் கருவி. ஒரு பாத்திரக் கடைக்குள் போய் அடுக்கிலிருந்த புட்டுக்குழல்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து குறிப்பேட்டில் எழுதினார். கடைக்கார அம்மா என் காதருகே வந்தார்.

"என்ன அண்ணை, சுகாதார இலாகாவோ?"

"இல்லம்மா. பனி இலாகா."

"பனிக்கும் புட்டுக்கும் என்ன?"

 செல்வத்தினுடையதைப் போன்ற ஒரே தயாரிப்பில் பதினொரு குழல்கள் இருந்தன. அளவு மாறவில்லை. ஒன்றை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குத் திரும்பினோம். மதாம் அதன் அடியைத் தன் கையால் பொத்திக்கொள்ள, நான் தண்ணீர் நிரப்பினேன். எடை போட்டு, கொள்ளளவைச் சரிபார்த்து எழுதினார். மூன்று முறை செய்தோம். அவருடைய சட்டைக்கை முழங்கைவரை நனைந்துவிட்டது.

பிற்பகல் மூன்று மணிக்குச் செல்வம் அழைத்தார். குரல் நடுங்கியது, குளிரில். பத்துப் படி, பத்துப் பை. குசினித் தராசில் ஒவ்வொன்றாக வைத்து வாசித்தார். முதல் பை இலேசு. அடியிலிருந்தவை கனம். நான் கூட்டினேன். மதாம் தனியாகக் கூட்டினார். இரண்டு கிலோ இருநூற்று முப்பத்தேழு கிராம். குழலின் வாய்ப்பரப்பால் வகுத்தால் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று.

நான் எழுந்து நின்றேன். "எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று மில்லிமீட்டர் நீர், மதாம்."

தலையணை சொன்னது எழுநூற்றுத் தொண்ணூறு. பசுக்களைக் கழித்து நாங்கள் அணைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அறுநூறுக்குக் கொஞ்சம் கீழ்.

படிவத்தில் "கருவி" என்ற கட்டத்தில் மதாம் நிதானமாக எழுதினார்: புட்டுக்குழல், உருளை வடிவம், எஃகு, சரிபார்க்கப்பட்டது. "அளந்தவர்" என்ற கட்டத்தில் செல்வத்தின் முழுப்பெயர். "பதவி" என்ற கட்டத்தில் சமையல்காரர். கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு என்னை அணைக்குத் தொலைபேசச் சொன்னார்.

"பசுக்கள் எங்கே போயின?" என்று கேட்டார் அணை அதிகாரி.

"போகவில்லை, மெஸ்யே. இருந்ததே இல்லை."

"எட்டு நாளாகப் படுத்திருப்பதாக நீங்கள்தானே எழுதி அனுப்பினீர்கள்?"

"ஆமாம்."

"அப்படியானால் இன்று உண்மை சொல்கிறீர்கள் என்று நான் எப்படி நம்புவது?"

நியாயமான கேள்வி.  மதாம் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார்.

"மெஸ்யே, பசுக்களைப் பற்றி உங்களுக்கு எழுத்து மூலம் பதில் வரும். அளந்த எண் உங்கள் மேசையில் இருக்கிறது. கதவுகளை இப்போதே திறவுங்கள்."

திறந்தார்கள். அன்று மாலையிலிருந்து செவ்வாய்வரை ஏரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. செவ்வாய் பிற்பகல் சூடான காற்று வந்தது. புதன்கிழமை மலையே கரைந்து வந்தது போல் ஏரிக்குள் தண்ணீர் பாய்ந்தது. ஏரி விளிம்புக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. ஆற்றங்கரையிலிருந்தவர்களை ஊராட்சிக்காரர்கள் முதல் நாளே பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

நான் அன்று முழுக்க எதையும் சாப்பிடவில்லை. பிற்பகலில் குணத்தின் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். முடிவெட்டிக்கொள்ள அல்ல. அவர் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார். நான்கு மணியளவில் வசந்தியின் குரல் கேட்டது.

"அண்ணை, முதல் வரிசைக் கரவானுக்குள்ளை கணுக்கால் அளவுக்குத் தண்ணி வந்து போட்டுது. எங்கடைக்கு வரேல்லை. நாங்கள் எல்லாரும் சுகம். என்ரை அடுப்புக்கூட நனையேல்லை."

குணம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்து நடைபாதையில் நின்றேன்.  கணுக்காலோடு நின்ற அந்தத் தண்ணீர், ஏரியில் இடமில்லாமல் போயிருந்தால் எங்கே நின்றிருக்கும் என்று கணக்கிடத் தெரிந்தவன் நான். அன்று கணக்கிடவில்லை. இன்றுவரை கணக்கிடவில்லை.

பசுத் திருத்தத்தை நீக்கினோம். ஆனால் அந்த மூன்று பசுக்கள் பதிவேட்டில் இருந்தன. விசாரணைக்கு வந்த மேலதிகாரிகள் பனியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. அவர்களின் சிக்கல் வேறு: பதிவில் வந்த பசு, பதிவில் போகவில்லை. வராத பசு என்று எழுத அந்தக் கணினியில் இடமில்லை. பசுக்கள் புறப்பட்ட நாளையும் நேரத்தையும், இரண்டு அதிகாரிகள் அந்த இடத்துக்குப் போய் நேரில் உறுதி செய்து கையெழுத்திட வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் புதிதாக அச்சிட்டு அனுப்பினார்கள்.

இப்படித்தான், சேர்ந்து இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு, ஜூன் மாதத்தில் நானும் மதாமும் முதன்முதலாக எங்கள் மலைக்குப் போனோம். ரயில், பேருந்து, பிறகு நடை. மதாம் பாரீஸ் காலணியோடு வந்திருந்தார். வழி முழுக்க ஓடைகள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார், எல்லாம் தாளில் பார்த்துப் படித்தவை. ஓர் இடத்தில் குனிந்து ஓடைக்குள் கையை விட்டார். "குளிர்கிறது," என்றார், யாரோ அவரிடம் அதை இதுவரை சொல்லாமல் விட்டது போல.

செல்வம் விடுதி வாசலில் காத்திருந்தார். எங்களைப் புல்வெளிக்கு அழைத்துப் போனார். பனி முழுக்கப் போய்விட்டிருந்தது. வேலி சாய்ந்து கிடந்தது. தலையணையின் மேல் ஐந்து பசுக்கள் படுத்திருந்தன.

மதாம் படிவத்தைப் பார்த்தார், பசுக்களைப் பார்த்தார்.

"பசுக்கள் இல்லை என்று நான் கையெழுத்திட முடியாது, மெஸ்யே லூர்து."

"இவை வேறு பசுக்கள், மதாம்."

"அதை எப்படி நிரூபிப்பீர்கள்?"

செல்வம் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். நாக்கைச் சொடுக்கி, கையைத் தட்டி, "ஹே, எழும்பு" என்று அதட்டினார். ஒரு பசு காதை மட்டும் ஆட்டியது.

"எங்கடை ஊர் மாடெண்டால் ஒரு சத்தத்துக்கு எழும்பும் அண்ணை. இதுகளுக்குத் தமிழ் விளங்கேல்லை."

மதாம் ஓரடி முன்னால் போனார். பைக்குள் கண்ணாடியை வைத்தார். பிரெஞ்சில், முழு மரியாதையோடு, "அம்மையார்களே, தயவுசெய்து எழுந்திருங்கள்" என்றார். பசுக்கள் அவரை நிதானமாகப் பார்த்து அசைபோட்டன. அவர் கோபப்படவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றார். நானும் நின்றேன். செல்வம் விடுதிக்குப் போய் மூன்று கோப்பை காப்பி கொண்டு வந்தார். வெயில் சரியத் தொடங்கியபோது நிழல் தலையணையைத் தொட்டது, ரப்பர் ஆறத் தொடங்கியிருக்க வேண்டும். ஒன்று எழுந்தது. பின் இரண்டு. நான்காவது, தன்பாட்டில் போனது. கடைசிப் பசு ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, முன்னங்காலை மடக்கி, பெருமூச்சு விட்டு, எழுந்து நடந்தது.

படிவத்தை என் முதுகில் வைத்து மதாம் எழுதினார். புறப்பட்ட நேரம் எழுதினார். திசை என்ற கட்டத்தில் "மேற்கு" என்றார், அதற்கு மேல் ஏதும் சேர்க்கவில்லை. நான் கையெழுத்திட்டேன், அவர் கையெழுத்திட்டார். ஒரு கட்டம் மிச்சம் இருந்தது: திரும்பி வர வாய்ப்பு உண்டா?

மதாம் அந்தப் பசுக்கள் போன பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "உண்டு" என்று எழுதி, பேனாவை மூடினார்.